நடுராத்திரியில் வாள் சத்தம்

இரவு மணி ஒன்றரை இருக்கும். "ணங்... ணங்... ணங்" என்று உலோகத்தோடு உலோகம் மோதும் சத்தம். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் ராத்திரி வேளையில் இப்படிச் சத்தம் கேட்டால் வயிறு கலங்கிப் போகும். முன்னறைதான் என் கணவரின் கொலுசுப் பட்டறை. சூரமங்கலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். நீங்கள் ஆசையாக வாங்கிப் போடும் சேலத்து வெள்ளிக் கொலுசு பலவும் எங்களைப் போன்றவர்களின் வீட்டுப் பட்டறைகளில் உருவாவதுதான். அங்கே இருப்பது எங்கள் வெள்ளி அல்ல, நம்பிக் கொடுத்தவர்களின் வெள்ளி. ஒரு கிராம் குறைந்தாலும் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

பகலெல்லாம் நெருப்பின் முன்னால் உட்கார்ந்திருந்த மனுஷர் அசந்து தூங்கிக் கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு, பூனை மாதிரி அடி மேல் அடி வைத்து ஹாலுக்கு வந்தேன்.

திருடன் இல்லை. என் மகன்!

டி.வி.க்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். திரையில் கோட்டை உச்சி ஒன்றில் இரண்டு பேர் வாள் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். நான் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அதில் ஒருவன் குத்துப்பட்டு விழுந்தான். திரை இருண்டது. சிவப்பாய் ஓர் எழுத்து. என் மகன் ஒரு பெருமூச்சு விட்டான். அவ்வளவுதான், மறுபடி அதே கோட்டை, அதே ஆள், அதே "ணங்".

"என்னடா இது, அர்த்த ராத்திரியில?"

"விளையாட்டும்மா."

"மூணு அரியரை மடியில வச்சுக்கிட்டு உனக்கு விளையாட்டு கேக்குதா?"

அவன் எதிர்த்துப் பேசியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். ஒன்றும் பேசாமல் டி.வி.யை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் கொண்டான். நான் சப்பாத்திக் கட்டையும் கையுமாக இருட்டில் நின்றேன்.

அவனுக்கு இருபது வயது. பொறியியல் கல்லூரியில் மூன்றாவது வருஷம். வீட்டிலிருந்தே கல்லூரி பஸ்ஸில் போய் வருகிறவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை நல்ல மார்க் வாங்கியவன்தான். இரண்டாம் வருஷத் தேர்வில் மூன்று பாடங்களில் போய்விட்டது. அந்தச் செய்தியை அவன் என்னிடம் சொல்லவில்லை. அவனோடு படிக்கும் பையனின் அம்மா, எங்கள் சூரமங்கலம் உழவர் சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக் கொண்டே, "உங்க பையனுக்கும் மூணாமே அக்கா?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

அன்றைக்கு நான் நடந்து கொண்டதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சந்தையிலிருந்து வந்ததும் வராததுமாக அழுதேன். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டு அழுதேன், என் அம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன், எதிர் வீட்டு அக்காவிடமும் அழுதேன். நான் பேசிய ஒவ்வொன்றும் பக்கத்து அறையில் இருந்தவன் காதில் விழுந்திருக்கும். அதே மாசத்தில் டாக்டரிடம் போனபோது எனக்கு இரத்த அழுத்தம் 150க்கு 100 என்றார். வீட்டுக்கு வந்ததும் அவனைப் பார்த்து, "பாத்தியா, உன்னாலதான் எனக்கு பிரஷர் வந்துருச்சு. நீ விழுந்தா நாங்க எல்லாரும்தான் விழறோம்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் அவன் பேச்சைக் குறைத்தான். வாரத்துக்கு இரண்டு நாள் கல்லூரிக்குப் போகாமல் தலைவலி, வயிற்றுவலி என்று படுத்துக் கொண்டான். இப்போது ராத்திரியில் இந்த வாள் சண்டை வேறு.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, மனசில் இருந்த பயத்தைக் கேட்டே விட்டேன். பேப்பரில் எத்தனை படித்திருக்கிறோம்! ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்து உயிரையே விட்டவர்கள் கதையெல்லாம் நம் தமிழ்நாட்டில் நடந்தவைதானே.

"நிஜத்தைச் சொல்லு கண்ணு. இதுல எவ்வளவு பணம் விட்டே?"

அவன் முதல் முறையாகச் சிரித்தான். "அது வேறம்மா, இது வேற" என்று பொறுமையாகச் சொன்னான். லீவில் ஒரு கடையில் பில் போட்டுச் சம்பாதித்த பணத்தில், நண்பன் ஒருவனிடமிருந்து பழைய பிளேஸ்டேஷன் பெட்டியை வாங்கினானாம். விளையாட்டின் பெயர் 'செக்கிரோ'. தோக்கியோவில் உள்ள ஃபிரம்சாஃப்ட்வேர் என்ற கம்பெனி 2019 மார்ச்சில் வெளியிட்டது. ஹிடேடாகா மியாசாக்கி என்பவர் இயக்கியது. அந்த வருஷமே உலக அளவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று பரிசு வாங்கியது. 2023க்குள் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஒரு தடவை வாங்கினால் சரி, பிறகு அதில் காசு கட்ட ஒன்றுமில்லை. எங்கோ இருக்கும் யாரோடும் பந்தயம் கட்டி ஆடுவதில்லை. தனியாள் ஆட்டம்.

கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. அன்றைக்கு மாலை அவனருகில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் அந்தக் கோட்டை உச்சியில் பதினோரு தடவை செத்தான். நான் எண்ணினேன். பரீட்சையில் ஒரு தடவை தோற்றதற்கு முகம் தொங்கிப் போனவன், இங்கே பதினோரு தடவை தோற்றும் பன்னிரண்டாவது தடவைக்கு நிமிர்ந்து உட்காருகிறானே, அது எப்படி?

"உனக்குக் கோபம் வரலியாடா?"

"வரும்மா. ஆனா இங்க எதனால செத்தேன்னு எனக்குத் தெரியுது. அடுத்த தடவை அதை மட்டும் சரி பண்ணிக்கலாம். காலேஜ்ல எதனால தோத்தேன்னே தெரியலம்மா."

அந்தப் பதில் ஏதோ செய்தது. "எனக்கும் சொல்லிக் குடு" என்று கையை நீட்டினேன். அவன் நம்பவில்லை. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், அந்தக் கன்ட்ரோலரை என் கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொத்தான்களில் பொருத்தினான். அவனுக்கு 'அ' எழுதக் கற்றுக் கொடுத்தபோது நான் விரலைப் பிடித்த மாதிரியே!

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பானில் உள்நாட்டுப் போர்கள் நடந்த பழைய காலம். ஆஷினா என்று ஒரு கற்பனை நாடு. ஒரு சிறுவனைக் காக்க வேண்டிய வீரன்தான் நாயகன். ஆரம்பத்திலேயே கெனிச்சிரோ என்ற பிரபு அவனுடைய இடது கையை வெட்டிவிடுகிறான். அந்த முதல் சண்டையில் எவ்வளவு திறமையாக ஆடினாலும் கை போகத்தான் போகும்! பாழடைந்த கோயிலில் ஒரு கிழச் சிற்பி அவனுக்குச் செயற்கைக் கை பொருத்துகிறார். செக்கிரோ என்றாலே ஒற்றைக் கை ஓநாய் என்று அர்த்தமாம். கையை வெட்டிய அதே கெனிச்சிரோதான் பிறகு கோட்டை உச்சியில் காத்திருக்கிறான். என் மகன் செத்துச் செத்து விழுந்தது அவனிடம்தான்.

இனி சண்டை முறை. சினிமாவில் பார்ப்பது போல வெறுமனே வெட்டிக் கொண்டே போனால் இங்கே ஒரு நிமிஷம் தாங்க மாட்டோம். எதிரியின் வாள் நம் மேல் இறங்கும் அந்தக் கணத்தில் நம் வாளால் தட்ட வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது. சரியாகத் தட்டினால் தீப்பொறி பறக்கும், "ணங்" என்று கேட்கும். ராத்திரி என்னை எழுப்பிய சத்தம் அதுதான்! இப்படித் தட்டத் தட்ட எதிரியின் நிலை தடுமாறும். நிலை குலைந்ததும் ஒரே வெட்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பயந்து விலகி ஓடினால் பிழைத்துக் கொள்ளலாம் என்று நினைப்போம். ஆனால் நாம் ஓடி நிற்கும் நேரத்தில் எதிரி மூச்சு வாங்கிக் கொண்டு பழையபடி தெம்பாகிவிடுவான். பக்கத்திலேயே நின்றால்தான் ஜெயிக்க முடியும். குத்து, காலை வாரும் வீச்சு, பிடித்துத் தூக்குவது என்று பெரிய ஆபத்து வருவதற்கு முன்னால் சிவப்பு எழுத்து ஒன்று பளிச்சிடும். குத்தினால் வாளை மிதிக்க வேண்டும், வாரினால் குதிக்க வேண்டும், பிடிக்க வந்தால் விலக வேண்டும். எச்சரிக்கை இல்லாமல் எந்த அடியும் இல்லை. நமக்குத்தான் அதைப் பார்க்கத் தெரிவதில்லை.

பாழடைந்த அந்தக் கோயிலில் சாகாவரம் பெற்ற ஒரு வீரன் இருக்கிறான். அவனோடு எத்தனை தடவை வேண்டுமானாலும் பழகிப் பார்க்கலாம். என்னை அங்கேதான் விட்டான் என் மகன். முதல் நாள் விரல் எல்லாம் பின்னிக் கொண்டது. குதிக்கச் சொன்னால் குத்துகிறேன், குத்தச் சொன்னால் ஓடுகிறேன். இரண்டாவது நாள் சட்டென்று எனக்கு ஒன்று பிடிபட்டது. அட, இது கோலாட்டம்! பள்ளிக்கூடத்தில் டீச்சர் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்தது இதுதானே? எதிரில் இருப்பவள் கோலை வீசும்போது பயந்து கையை இழுத்தாலும் தப்பு, முந்தி நீட்டினாலும் தப்பு. தாளத்தில் தட்ட வேண்டும். அப்படி நினைத்துக் கொண்டு தட்டினேன். "ணங், ணங், ணங்" என்று மூன்று தடவை சேர்ந்தாற்போல் விழுந்தது.

"அம்மா! சூப்பரும்மா!" என்று அவன் கத்திய கத்தலில் பட்டறையிலிருந்து அவர் எழுந்து வந்துவிட்டார். பல மாசத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட சந்தோஷச் சத்தம்.

அவர் கதவில் சாய்ந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்ப்பா, இதைச் சுலபமா வச்சுக்கற மாதிரி பொத்தான் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. எல்லாருக்கும் ஒரே கஷ்டம்தான். வந்த புதுசுல, சுலபமா ஒரு வழி வச்சிருக்கணும்னு வெளிநாட்டுல பெரிய சண்டையே நடந்துச்சு."

"செத்தா என்ன ஆகும்?"

"ஒரு தடவை அங்கேயே எழுந்துக்கலாம். அதுக்கு மேல செத்தா கையில இருக்கற காசுல பாதி போயிரும். கத்துக்கிட்ட கணக்குலயும் பாதி குறையும்."

"சேதாரம்!" என்று அவர் சிரித்தார். "நான் தொழில் கத்துக்கிட்ட முதல் வருஷம் செஞ்சதைவிடக் கெடுத்ததுதான்டா ஜாஸ்தி. எங்க மேஸ்திரி ஒரு வார்த்தை திட்ட மாட்டார். கெட்டுப் போன கொலுசை எடுத்து உத்துப் பார்த்து, நெருப்பு எங்க அதிகமாப் போச்சுன்னு மட்டும் கேட்பார். அப்புறம் உருக்கி மறுபடி என் கையிலயே குடுப்பார். வெள்ளி எங்கயும் போயிடாது. சேதாரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவர் பட்டறைக்குப் போய்விட்டார். அரியர் விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் மகனிடம் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான்.

ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவன் ஆடிக் கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தேன். அந்த விளையாட்டில் வழி நெடுகச் சின்ன விக்கிரகங்கள் இருக்கின்றன. அதன் முன்னால் உட்கார்ந்தால் நாயகனுக்கு உடம்பு தேறிவிடும். ஆனால் அதே நேரத்தில், தோற்று விழுந்த சில்லறை எதிரிகளும் எழுந்து பழைய இடத்தில் நின்றுவிடுவார்கள். "நம்ம வீட்டுப் பாத்திரம் மாதிரி. கழுவிக் கவிழ்த்துட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்தா மறுபடி தொட்டியில நிக்கும்" என்று சொல்லிச் சிரித்துக் கொண்டிருந்தோம். அப்போது திரையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அந்தக் கிழச் சிற்பி இருமிக் கொண்டிருந்தார்.

"பெரியவருக்கு என்னடா ஆச்சு?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, டி.வி.யைப் பார்த்தபடியே சொன்னான்:

"இவன் செத்துச் செத்து எழுந்திருக்கறான் இல்லம்மா... அது சும்மா இல்ல. அடிக்கடி செத்தா, இவனைச் சுத்தி இருக்கறவங்களுக்கு ஒரு நோய் வந்துரும். ஒவ்வொருத்தரா இருமிக்கிட்டே படுத்துருவாங்க. இவனுக்கு உதவி பண்ணவங்கதான் எல்லாரும்."

"ஐயோ."

"சாகறது ஒண்ணும் இல்லம்மா. இந்த இருமல் சத்தம்தான் எனக்குத் தாங்கல. இதைக் கேட்டா ஆடவே பயமா இருக்கு."

என் கையில் இருந்த கீரை அப்படியே நின்றுவிட்டது. 'நீ விழுந்தா நாங்க எல்லாரும்தான் விழறோம்' என்று நான் சொன்ன வார்த்தை என் காதிலேயே வந்து மோதியது. அவன் தேர்வுக்குப் பயப்படவில்லை. தோற்றால் அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்றுதான் புத்தகத்தைத் தொடாமல் இருந்திருக்கிறான். எழுதினால்தானே தோற்க முடியும்? எழுதாமலே இருந்துவிட்டால் யாரும் இரும மாட்டார்கள்.

முறத்தை எடுத்துக் கொண்டு அடுப்படிக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக் கொண்டு, முகம் கழுவி, திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

"அந்த நோய்ல யாராவது செத்துப் போவாங்களா?"

"சாக மாட்டாங்க. அவங்க வேலை எல்லாம் நின்னு போயிரும். மருந்து இருக்கு. அதை வச்சா எல்லாருக்கும் ஒரேயடியா சரியாயிரும்."

"எனக்கும் மருந்து இருக்குடா கண்ணு. டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார், தினம் காலையில போட்டுக்கறேன். எனக்கு பிரஷர் வந்தது உன்னால இல்ல. எங்க அம்மாவுக்கும் இருந்தது. போதாததுக்கு மூணு வேளையும் ஊறுகா, அப்பளம், வடகம்னு உப்பா தின்னேன். உன் மேல பழியைப் போட்டது என் தப்பு. நீ எத்தனை தடவை வேணா விழு. நான் இரும மாட்டேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பிள்ளையில் செய்வது போலத் தலையை என் தோளில் ஒரு முட்டு முட்டினான். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அவனாகவே மூன்று பாடப் புத்தகங்களையும் எடுத்து வந்து ஹாலில் வைத்தான். நாங்கள் ஒரு ஒப்பந்தம் செய்து கொண்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல் டி.வி. கிடையாது. விளையாட்டு சாயங்காலம் ஒரு மணி நேரம், அதுவும் ஹாலில், எல்லோரும் இருக்கும்போது. நடுவில் எழுந்து நடக்க வேண்டும், கண்ணை மூடித் திறந்து தூரத்தில் பார்க்க வேண்டும். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும், கண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து எது? என் பங்குக்கு ஒப்பந்தம், அவன் மார்க்கைப் பற்றி அவனைக் கேட்காமல் வெளியார் யாரிடமும் பேசுவதில்லை என்பது. எனக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

இளம் தாய்மார்களுக்கு இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த விளையாட்டு சின்னக் குழந்தைகளுக்கானது அல்ல. இரத்தம் தெறிக்கும். ஐரோப்பாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே முத்திரை போட்டிருக்கிறார்கள். எந்த விளையாட்டை வாங்கினாலும் உறையில் வயது எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் முற்றிலும் வேறு சங்கதி. 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் அவற்றைத் தடை செய்து சட்டம் இயற்றியது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் விளையாட்டுப் பழக்கக் கோளாறு என்பதை நோய்ப் பட்டியலில் சேர்த்தது. மணிக்கணக்கை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, படிப்பு, மனிதர்கள் எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுகிறது, கெடுதல் வந்த பிறகும் தொடர்கிறது, இந்த நிலை ஏறக்குறைய ஒரு வருஷமாக நீடிக்கிறது என்றால் டாக்டரிடம் போக வேண்டும். என் மகன் அந்த எல்லைக்குப் போகவில்லை. ஆனால் நான் அந்த ராத்திரி சப்பாத்திக் கட்டையோடு திரும்பிப் போய்ப் படுத்திருந்தால் எங்கே போயிருப்பான் என்று சொல்ல முடியாது.

எதிர் வீட்டு அக்காவுக்கு நான் விளையாடுவது தெரிந்து போனது. "பொம்பளைக்கு எதுக்குடி கத்திச் சண்டை?" என்று கேலி செய்தார். எனக்கு உடனே பவானி தேவிதான் நினைவுக்கு வந்தார். நம் சென்னைப் பெண். 1993இல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போது 2004இல் வாள் சண்டை கற்க ஆரம்பித்தார். வாள் விலை அதிகம் என்பதால் தொடக்கத்தில் மூங்கில் குச்சியில்தான் பயிற்சி. மகள் போட்டிகளுக்குப் போவதற்காகத் தாயார் நகைகளை அடகு வைத்திருக்கிறார். 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில், வாள் சண்டைப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். முதல் சுற்றில் 15க்கு 3 என்று ஜெயித்தார். இரண்டாவது சுற்றில் பிரான்ஸ் வீராங்கனையிடம் தோற்றார். தோற்றதும் என்ன செய்தார் தெரியுமா? நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்!

அதை அப்போது பேப்பரில் படித்தபோது, பாவம், நல்ல பெண் என்று நினைத்ததோடு சரி. இப்போது யோசித்தால் மனசு உறுத்துகிறது. ஒலிம்பிக் வரை போன பெண்ணே தோற்றதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால், நம் பிள்ளைகளை நாம் எப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம்? அதே பவானி தேவி 2023இல் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில், அதுவரை ஒரு தடவைகூட ஜெயித்திராத ஜப்பான் வீராங்கனை மிசாகி எமுராவை ஜெயித்து, வெண்கலப் பதக்கம் வாங்கினார். எமுரா அப்போது உலக சாம்பியன். முன்பு வாங்கிய தோல்விகளை எல்லாம் பவானி தேவி மறந்திருந்தால் அந்த நாள் வந்திருக்குமா? ஒவ்வொரு வீச்சும் எங்கிருந்து வந்தது என்று பார்த்து வைத்திருப்பார்.

இதைச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "என் பேத்திக்கும் ஏதாவது இப்படிச் சேத்துவிடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகையில் அவன் மூன்று பாடங்களையும் எழுதினான். அந்த மாசம் விளையாட்டை அவனே மூட்டை கட்டிப் பரண் மேல் வைத்துவிட்டான். அதற்கு முந்தின வாரம் கெனிச்சிரோவை ஜெயித்திருந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கட்டத்தில் அந்தப் பிரபு மின்னலையே வாளில் ஏற்றி வீசுகிறான். அதைத் தரையில் கால் படாமல் வாங்கி, அவன் மேலேயே திருப்பி விட வேண்டுமாம். எத்தனையாவது தடவை ஜெயித்தான் என்று எங்கள் இருவருக்குமே கணக்கு இல்லை. ஜெயித்ததும் துள்ளிக் குதிப்பான் என்று பார்த்தேன். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "கை நடுங்குதும்மா" என்று காட்டினான். உண்மையிலேயே நடுங்கியது. ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

தையில் முடிவு வந்தது. இந்தத் தடவை உழவர் சந்தையில் எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் தோசைக்கு ஊற்றிக் கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"ரெண்டு போயிருச்சும்மா. ஒண்ணு நிக்குது."

இரண்டு தேறிவிட்டது, ஒன்று பாக்கி. பழைய நானாக இருந்தால் தேறிய இரண்டு காதிலேயே விழுந்திருக்காது. நெஞ்சு ஒரு நிமிஷம் அடித்துக் கொள்ளத்தான் செய்தது. தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அவருடைய மேஸ்திரி கேட்ட மாதிரியே கேட்டேன்:

"எங்க அடி வாங்கினே கண்ணு?"

அவன் கையில் ஏற்கெனவே கேள்வித்தாள் இருந்தது. அஞ்சறைப் பெட்டி பக்கத்தில் அதை விரித்து வைத்து, நாலாவது பாடத்தைக் காட்டினான். "இதைப் படிக்காம விட்டுட்டேன். வராதுன்னு நினைச்சேன். வர்ற சித்திரையில மறுபடி எழுதறேன்."

"சரி. முதல்ல தோசையைச் சாப்பிடு, ஆறிடும்" என்றேன்.

என் இரத்த அழுத்தம் போன மாதம் 130க்கு 84. ஊறுகாயை விட்டது பாதி காரணம் என்கிறார் டாக்டர். மீதிப் பாதிக்கு என்ன காரணம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. பரணிலிருந்து அந்தப் பெட்டி மறுபடி கீழே வந்திருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் அரை மணி நேரம் எனக்கு. வழியிலேயே மறித்துக் கொண்டு நிற்கும் அந்த முதல் படைத்தலைவனை நான் இன்னும் தாண்டவில்லை. அவன் தோளைப் பின்னால் இழுத்தால் என்ன வரும் என்பது வரைக்கும்தான் இப்போதைக்குத் தெரிந்து வைத்திருக்கிறேன்.